பேஸ்மென்ட் தரைக்கு எப்பாக்சி: ஈரம் பார்ப்பதிலிருந்து கடைசிப் பூச்சு வரை

கனடாவில் டொராண்டோ, பிராம்ப்டன், மார்க்கம் பக்கம் வீடு வாங்கியவர்களுக்கு பேஸ்மென்ட் ஒரு தீராத வேலை. மேல்மாடி எல்லாம் பளிச்சென்று இருக்கும். கீழே இறங்கினால் சாம்பல் நிறக் கான்கிரீட், எத்தனை தடவை பெருக்கினாலும் காலில் ஒட்டும் தூசி. கார்ப்பெட் போட்டால் ஒருமுறை தண்ணீர் புகுந்ததோடு நாறிவிடும். லேமினேட் போட்டால் ஓரம் ஊதிக்கொள்ளும். 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 2024 ஜூலை 16 அன்று கிட்டத்தட்ட 98 மில்லிமீட்டர். பேஸ்மென்டில் தண்ணீர் புகுந்த வீடுகளில் அதற்கப்புறம் கிழித்தெறிய வேண்டியிருந்தது பெரும்பாலும் தரை விரிப்புகளைத்தான்.

அதனால்தான் எப்பாக்சி பக்கம் பலருடைய கண் போகிறது. ரெசின், ஹார்டனர் என்று இரண்டு திரவங்களைக் கலந்து கான்கிரீட்டின் மேல் ஊற்றி உருட்டினால், அது இறுகிக் கல்லோடு ஒட்டிய ஒரே படலமாகிவிடும். மேலே தண்ணீர் கொட்டினால் துடைத்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எப்பாக்சி, கசியும் பேஸ்மென்டுக்கு மருந்து கிடையாது. மண்ணிலிருந்து கான்கிரீட் வழியாக மேலே ஏறி வரும் ஈரம், எவ்வளவு விலை உயர்ந்த பூச்சையும் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும். உரிந்துபோன தரைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் டப்பாவில் இருந்த சரக்கு அல்ல. டப்பாவைத் திறக்கும் முன் செய்யாமல் விட்ட வேலை. இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் பூச்சுக்கு முந்தைய வேலைகளைப் பற்றியே பேசுவது அதனால்தான்.

முதலில், இந்தத் தரைக்குப் போடலாமா?

புது வீடு என்றால் கான்கிரீட் ஊற்றி 28 நாளாவது ஆகியிருக்க வேண்டும். அது கான்கிரீட் இறுகும் கணக்கு. உள்ளே இருக்கும் ஈரம் காய அதைவிட அதிக நாள் பிடிக்கும். பழைய வீடு என்றால் வேறு சிக்கல்: ஸ்லாபுக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்திருக்க மாட்டார்கள். மண்ணின் ஈரத்துக்குத் தடையே இருக்காது.

டார்ச் எடுத்துக்கொண்டு சுவரோரமாக ஒரு சுற்று வாருங்கள். கான்கிரீட்டில் வெள்ளையாக, உப்புப் பூத்த மாதிரிப் பொடி தெரிகிறதா? அது உப்பேதான். ஈரம் மேலே ஏறி வந்து, ஆவியாகி, தான் கரைத்துக்கொண்டு வந்த உப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. துடைத்தால் போய்விடும், ஆனால் அந்தப் பாதை அப்படியே இருக்கிறது. சுவரும் தரையும் சேரும் மூலையில் கறுத்த கோடு, விரிசலை ஒட்டி நிறம் மாறிய பட்டை, இவையும் அதே செய்திதான்.

அடுத்தது பிளாஸ்டிக் ஷீட் சோதனை. ஏஎஸ்டிஎம் டி4263 என்ற தர அளவீடு சொல்லும் முறை இது: 18 அங்குலத்துக்கு 18 அங்குலம், தெளிவான கெட்டி பாலித்தீன் ஷீட்டைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிட வேண்டும். உரித்துப் பார்க்கும்போது ஷீட்டின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் சுற்றியுள்ள தரையைவிடக் கறுத்திருந்தாலோ ஈரம் வருகிறது என்று அர்த்தம். நடுவில் ஒன்று, வெளிச்சுவரோரம் ஒன்று, தரைச் சாக்கடை அருகே ஒன்று என்று மூன்று நான்கு இடத்தில் ஒட்டுங்கள். ஜனவரியில் பார்த்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். அப்போது வெளியே மண் உறைந்து கிடக்கும், உள்ளே ஹீட்டர் காற்று வறண்டிருக்கும். பனி உருகும் மார்ச், ஏப்ரலில் பார்ப்பதுதான் உண்மையான பரீட்சை.

இந்தச் சோதனை 'ஆம், இல்லை' என்றுதான் சொல்லும். எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் கால்சியம் குளோரைடு கிட் இருக்கிறது. மூடிய கிண்ணத்துக்குள் அந்த உப்பை 60 முதல் 72 மணி நேரம் தரையில் வைத்து, அது குடித்த ஈரத்தை எடை போடுவார்கள். 1000 சதுர அடிக்கு 24 மணி நேரத்தில் 3 பவுண்டுக்கு மேல் வந்தால் சாதாரண எப்பாக்சி கம்பெனிகள் பெரும்பாலும் பொறுப்பேற்காது. இதைவிட நம்பகமானது, ஸ்லாபின் ஆழத்தில் 40 சதவீதம் வரை துளையிட்டு உள்ளே ஈரப்பத அளவியை வைக்கும் முறை. மேற்பரப்பு பொய் சொல்லும். உள்ளே இருப்பது சொல்லாது.

ஈரம் மிதமாக இருந்தால் அதற்கென்றே ஈரம் தாங்கும் எப்பாக்சி பிரைமர்கள், அதாவது அடிப்பூச்சுகள், இருக்கின்றன. விலை அதிகம், ஆனால் உரிந்த தரையைச் சுரண்டி எடுப்பதைவிட மலிவு. மழைக்குப் பிறகு தண்ணீரே தெரிகிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்: மழைநீர்க் குழாயின் வாய் வீட்டை விட்டுத் தள்ளிப் போகிறதா, மண் வீட்டுப் பக்கம் சரிந்திருக்கிறதா, தரைக்கு அடியில் குழியில் சேரும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் வேலை செய்கிறதா. டொராண்டோ நகராட்சி சம்ப் பம்புக்கும், சாக்கடை நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வுக்கும் மானியம் தருகிறது. எப்பாக்சிக்கு யாரும் தருவதில்லை.

இன்னும் இரண்டு விஷயம். பழைய வீட்டில் 9 அங்குலச் சதுர ஓடுகளோ, அவற்றை உரித்தபின் மிஞ்சிய கறுப்புப் பசையோ தரையில் இருந்தால், தரையைத் தேய்க்கும் கிரைண்டர் பக்கமே போகாதீர்கள். இரண்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வந்தபிறகுதான் அடுத்த பேச்சு. அப்புறம், மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயுவான ரேடான். விரிசல்களை அடைத்து எப்பாக்சி போட்டால் ரேடான் வாயு நின்றுவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. அதை நம்பிச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். கனடா சுகாதாரத் துறையின் வரம்பு ஒரு கன மீட்டருக்கு 200 பெக்கரல். குறைந்தது மூன்று மாதம் கருவியை வைத்து அளக்க வேண்டும். அளவு மீறினால் ஸ்லாபைத் துளைத்துக் குழாய் வைப்பார்கள். எனவே அந்த வேலையை எப்பாக்சிக்கு முன்பே முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

படுக்கையறையாகவோ வாடகைக்கோ விடப்போகும் பேஸ்மென்டுக்கு எப்பாக்சியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அது குளிரைத் தடுக்காது. பிப்ரவரியில் வெறுங்காலோடு நடந்தால் கான்கிரீட்டின் சில்லிப்பு அப்படியே ஏறும். துணி துவைக்கும் இடம், இரண்டாவது ஃப்ரீசரும் அரிசி மூட்டையும் இருக்கும் அறை, உடற்பயிற்சி மூலை, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் ஹால், இவற்றுக்குத்தான் பொருத்தம்.

எந்த எப்பாக்சி, எவ்வளவு

கடையில் ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கின்றன. பெரிய கடைகளின் அலமாரியில் இருக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை தண்ணீர் கலந்த வகை. பூசியபின் தண்ணீர் ஆவியாகிப் பாதிதான் மிஞ்சும். இன்னொன்று 100 சதவீதத் திடப்பொருள் வகை. ஊற்றியது அத்தனையும் தரையிலேயே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொண்டால் விளம்பரத்துக்கு மயங்கமாட்டீர்கள். ஒரு அமெரிக்கன் கேலன், அதாவது 3.785 லிட்டர், ஒரு மில் கனத்தில் 1604 சதுர அடி பரவும். ஒரு மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாதி தண்ணீரான கிட் ஒன்று 'ஒரு கேலனுக்கு 250 சதுர அடி' என்றால், காய்ந்தபின் நிற்கும் கனம் 3 மில்லுக்குச் சற்று மேல். பிரிண்டரில் வைக்கும் காகிதம் ஒன்று அதைவிடக் கனமாக இருக்கும்! அதை எப்பாக்சி என்பதைவிட நல்ல பெயின்ட் என்று நினைத்துக்கொள்ளலாம். 100 சதவீத வகையை 10 மில் கனத்தில் போட்டால் ஒரு கேலன் 160 சதுர அடிதான் வரும்.

600 சதுர அடி பேஸ்மென்ட் என்று வைத்துக்கொள்வோம். 10 மில் பூச்சு ஒன்றுக்கு 3.75 கேலன். இந்த வகை பொதுவாக இரண்டு பங்கு ரெசினுக்கு ஒரு பங்கு ஹார்டனர் என்று 3 கேலன் கிட்டாக வரும். எனவே ஒரு பூச்சுக்கு ஒரு கிட் போதாது, இரண்டு வாங்க வேண்டும். மிஞ்சுவது வீணாகாது. புதிதாகத் தேய்த்த கான்கிரீட் முதல் பூச்சைக் கணக்கைவிட அதிகமாகவே குடிக்கும்.

பிரைமர் ஒன்று, நிறம் சேர்த்த எப்பாக்சி ஒன்று, அதன் மேல் தூவும் வினைல் ஃபிளேக்ஸ் என்ற வண்ணச் சில்லுகள், கடைசியில் பாலியஸ்பார்டிக் அல்லது பாலியூரித்தேன் டாப்கோட், அதாவது மேல் பாதுகாப்புப் பூச்சு. வீட்டுக்கு இந்த வரிசை போதும். எப்பாக்சி வெயிலில் மஞ்சளாகும், கீறலும் விழும். டாப்கோட் இரண்டையும் தடுக்கும். ஜன்னல் சின்னதாக இருந்தாலும் அதை விட்டுவிடாதீர்கள்.

மெட்டாலிக் எப்பாக்சி என்று பளிங்கு அலை மாதிரி வருகிறதே, அதை முதல் முயற்சியாகச் செய்ய வேண்டாம். அதற்குக் கனமும் அதிகம் வேண்டும், ஒரு சின்ன மேடு பள்ளம், ஒரு ரோலர் மயிர்கூட அதில் கண்ணாடி போலத் தெரியும். ஃபிளேக்ஸ் போட்ட தரை எல்லாப் பிழைகளையும் மறைக்கும். புதிதாகச் செய்பவருக்கு அதுதான் நண்பன்.

நாள் பார்ப்பது

இதற்கும் ஒரு நல்ல நேரம் உண்டு. பஞ்சாங்கத்தில் அல்ல, தெர்மாமீட்டரில். தரையின் வெப்பம், காற்றின் பனிப்புள்ளியைவிட குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலே இருக்க வேண்டும். பனிப்புள்ளி என்பது காற்றில் உள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை.

ஜூலை மாதம், வெளியே 25 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். பனிப்புள்ளி சுமார் 19 டிகிரி. பேஸ்மென்ட் தரை 18 டிகிரியில் கிடக்கும். ஜன்னலைத் திறந்து அந்தக் காற்றை உள்ளே விட்டீர்களானால், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் தரை முழுக்கப் படிந்துவிடும். அதன் மேல் எப்பாக்சி ஒட்டாது. அதே நாளில் ஜன்னலை மூடி, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையரை இரண்டு நாள் ஓடவிட்டு உள்ளே 22 டிகிரி, 45 சதவீதம் என்று கொண்டுவந்தால் பனிப்புள்ளி 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். அதே 18 டிகிரி தரை இப்போது பாதுகாப்பானது. ஒரு ஈரப்பத மீட்டர், தரையைச் சுட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு தெர்மாமீட்டர், இந்த இரண்டும் கட்டாயம் வாங்க வேண்டியவை.

குளிர்காலத்தில் செய்வதானால் தரையை 15 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். அதற்காகப் புகைக்குழாய் இல்லாத கெரசின், புரொப்பேன் ஹீட்டர்களைக் கொண்டுவரக் கூடாது. அவை கரியமில வாயுவையும் நீராவியையும் அறைக்குள்ளேயே விடும். இரண்டும் சேர்ந்து ஹார்டனரோடு வினை புரிந்து, காய்ந்த பூச்சின் மேல் மெழுகு தடவியது போன்ற பிசுபிசுப்பை உண்டாக்கும். அடுத்த பூச்சு அதில் வழுக்கிக்கொண்டு நிற்கும். மின்சார ஹீட்டர் மட்டும் பயன்படுத்துங்கள்.

தேய்ப்பது: வேலையின் முதுகெலும்பு

தரையைக் கழுவித் துடைத்துவிட்டு நேராகப் பூசலாம் என்று நினைப்பவர்களும் உண்டு, ஆசிட் ஊற்றினால் போதும் என்பவர்களும் உண்டு. "அண்ணா, ஆசிட் அடிச்சா ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்று சொல்லும் ஒப்பந்தக்காரரை நான் அத்தோடு வழியனுப்பிவிடுவேன். வெளியே கராஜில் ஆசிட் சரி. பேஸ்மென்டில் ஆசிட்டைக் கழுவி விட நிறையத் தண்ணீர் வேண்டும், அது போக ஒரே ஒரு தரைச் சாக்கடை. காயவைத்துக்கொண்டிருந்த ஸ்லாபுக்கு நீங்களே தண்ணீர் குடிக்கக் கொடுக்கிறீர்கள். மூடிய இடத்தில் ஆசிட் ஆவி உங்கள் நுரையீரலை மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்), வாட்டர் ஹீட்டர் தகடுகளையும் அரிக்கும்.

எனவே வைரப் பற்கள் வைத்த கிரைண்டர்தான். கருவி வாடகைக் கடைகளில் கிடைக்கும். கேட்கும்போது அது எந்த மின்சாரத்தில் ஓடும் என்று கேளுங்கள். பெரிய இயந்திரங்களுக்கு 220 வோல்ட் வேண்டும். ஓரங்களுக்கும் ஃபர்னஸ் காலடிக்கும் 7 அங்குலக் கைக் கிரைண்டர். இரண்டுக்கும் தூசிக் கவசமும், ஹெப்பா ஃபில்டர் போட்ட வேக்யூமும் கட்டாயம். கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. துணி மாஸ்க் எதற்கும் உதவாது, பி100 ஃபில்டர் போட்ட முகமூடி அணியுங்கள்.

தொடங்கும் முன் ஃபர்னஸை அணையுங்கள், காற்றை உள்ளே இழுக்கும் துவாரங்களை பிளாஸ்டிக் வைத்து மூடி டேப் ஒட்டுங்கள். இதை மறந்தால் பேஸ்மென்டின் தூசி மேல்மாடிப் படுக்கை விரிப்பு வரை போய்ச் சேரும். பிறகு எப்பாக்சியின் வாடையும் அதே வழியில் போகும்.

கிரைண்டரை ஒரே இடத்தில் நிறுத்தாமல், ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும் பட்டைகளாக ஓட்டுங்கள். மேலே பளபளப்பாக இருக்கும் சிமெண்ட் பால் போய், மணல் துகள்கள் தெரிய ஆரம்பிக்கும். உள்ளங்கையால் தடவினால் நடுத்தர உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பு வர வேண்டும். கான்கிரீட் பழுதுபார்ப்பவர்களின் சர்வதேச நிறுவனம் இந்தச் சொரசொரப்பை 1 முதல் 10 வரை எண்ணிட்டு வைத்திருக்கிறது, 10தான் மிகக் கரடுமுரடு. நம் பூச்சுக்கு 2 அல்லது 3 போதும். பழைய பெயின்ட், சீலர், பசை இருந்தால் ஒரு துளிகூட மிச்சம் வைக்காதீர்கள். எப்பாக்சி அதைத்தான் பிடித்துக்கொள்ளும், அது கழன்றால் இதுவும் கூடவே வரும்.

போதுமா என்று தெரிய ஒரு எளிய வழி: பல இடங்களில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடத்தில் கறுத்து உள்ளே இறங்கினால் நல்லது. முத்தாக உருண்டு நின்றால் அங்கே இன்னும் சீலரோ எண்ணெயோ இருக்கிறது. அந்த இடத்தை மறுபடி தேய்க்க வேண்டும்.

பிறகு வேக்யூம். ஒருமுறை நீளவாக்கில், ஒருமுறை குறுக்கே. கறுப்புத் துணியால் தரையைத் துடைத்துப் பாருங்கள்; வெள்ளைக் கோடு விழுந்தால் இன்னொரு முறை.

விரிசல்கள், மூடிகள், ஓரங்கள்

மயிரிழை விரிசல்களை எப்பாக்சிப் பசையால் நிரப்பலாம். அகலமானவற்றை வைர பிளேடால் 'வி' வடிவில் திறந்து, தூசி உறிஞ்சி, பசையில் உலர்ந்த சிலிக்கா மணல் கலந்து அடைத்து, காய்ந்ததும் தரை மட்டத்துக்குத் தேய்க்க வேண்டும். வருடா வருடம் கோடைக்கும் குளிருக்கும் அசைகிற விரிசல் என்றால் எதை வைத்தாலும் மேலே ஒரு கோடு மறுபடி தெரியும். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

சுவருக்கும் தரைக்கும் இடையில் ஒரு இடைவெளி ஓடுகிறதா? சில வீடுகளில் உள்ளே வடிகால் போட்டவர்கள், சுவரில் கசியும் நீர் இறங்குவதற்காகவே அதை விட்டிருப்பார்கள். அதை அடைத்தால் நீங்கள் செலவு செய்து போட்ட வடிகாலுக்கு நீங்களே மூடி போட்ட கதைதான்.

தரைச் சாக்கடையின் சல்லடை, சாக்கடைக் குழாய் சுத்தம் செய்யும் மூடி, தடுப்பு வால்வின் மூடி, சம்ப் குழியின் மூடி, இவற்றின் விளிம்பில் டேப் ஒட்டுங்கள், எப்பாக்சி இறுகும் முன் டேப்பை உரித்துவிடுங்கள். ஒட்டிக்கொண்ட வால்வு மூடியைப் பற்றி ஒரு ராத்திரி, சாக்கடை நிரம்பி வழியும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்.

கலக்கும் நாள்

மூன்று பேர் வேண்டும்: ஒருவர் கலக்க, ஒருவர் ஓரத்தில் பிரஷ் பிடிக்க, ஒருவர் உருட்ட. இரண்டு பேரோடு சமாளிக்கலாம். தனியாக வேண்டாம். கைபேசி தள்ளியே இருக்கட்டும், நடுவில் அழைப்பு வந்தால் எடுக்க முடியாது.

நைட்ரைல் கையுறை, கண்ணாடி, நீளக்கை சட்டை, கரிம ஆவிகளுக்கான முகமூடி. தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அசிட்டோன் வைத்துத் துடைக்காதீர்கள். அது எப்பாக்சியை இன்னும் உள்ளேதான் தள்ளும். இந்த எச்சரிக்கை சும்மா இல்லை. எப்பாக்சி ஒவ்வாமை சிலருக்குத் திடீரென்று வரும், வந்தால் வாழ்நாள் முழுக்க இருக்கும். கரைப்பான் கலந்த வகை வாங்கியிருந்தால் வாட்டர் ஹீட்டரின் பைலட் சுடரை அணைத்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும்.

முழு கிட்டையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள். எப்பாக்சி இறுகும்போது சூட்டை வெளியிடும், வாளியில் குவிந்து கிடந்தால் அந்தச் சூடே அதை இன்னும் வேகமாக இறுக்கும். மறந்து விட்ட வாளி புகை விடும், பிளாஸ்டிக்கை உருக்கும். முதலில் ஒரு கேலன் ரெசின், அரை கேலன் ஹார்டனர் என்று கலந்து கை பழகுங்கள். ரெசினில் நிறத்தைக் கலந்து, பிறகு ஹார்டனரை ஊற்றி, டிரில்லில் கலக்கும் துடுப்பைப் பொருத்தி மெதுவான வேகத்தில் மூன்று நிமிடம். வேகம் கூடினால் காற்றுக்குமிழி ஏறும். சுவரையும் அடியையும் குச்சியால் வழித்துக் கலக்குங்கள். பிறகு அத்தனையையும் சுத்தமான இன்னொரு வாளிக்கு மாற்றி, இன்னும் அரை நிமிடம். முதல் வாளியின் அடியில் கலக்காமல் ஒட்டியிருப்பது தரைக்கு வந்தால், அந்த இடம் மட்டும் என்றைக்கும் காயாமல் பிசுபிசுவென்றிருக்கும். அதே காரணத்துக்காக வாளியைத் தரையில் கவிழ்த்து வைத்து வடிக்கவும் கூடாது.

கலந்ததும் நேரம் ஓட ஆரம்பித்துவிடும். வாளியில் இருந்தால் பல சரக்குகளுக்கு 20 முதல் 40 நிமிடம்தான். தரையில் பரப்பிவிட்டால் சூடு ஆறும், நேரம் நீளும். ஆகவே உடனே நீளப் பட்டைகளாகத் தரையில் ஊற்றிவிடுங்கள். பல் வைத்த ஸ்க்வீஜியால் இழுத்துப் பரப்பி, உடனேயே நூல் உதிராத 18 அங்குல ரோலரால் ஒரு திசையில் உருட்டி, அடுத்து அதற்குக் குறுக்கே உருட்டுங்கள். முள் ஷூ போட்டுக்கொண்டால் ஈரப் பூச்சின் மேலேயே நடக்கலாம். படிக்கட்டுக்கு எதிர்மூலையில் தொடங்கி படிக்கட்டில் முடிக்க வேண்டும். வெளியே போகும் கதவு அந்தப் பக்கம் இருந்தால் திட்டத்தை மாற்றுங்கள்.

பிரைமர் பூச்சில் சின்னச் சின்னக் குமிழிகள், ஊசித்துளைகள் வருவது சகஜம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் காற்று வெளியேறுகிறது. தரை சூடேறிக்கொண்டிருக்கும் காலை நேரத்தைவிட, ஆறிக்கொண்டிருக்கும் மாலையில் பிரைமர் போட்டால் இது குறையும்.

அடுத்த பூச்சைப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். டப்பாவில் எழுதியிருக்கும் நேரமே கடைசி வார்த்தை. தாமதமானால் 80 முதல் 120 எண் உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்து, வேக்யூம் செய்து, பிறகு பூசுங்கள். மேலே மெழுகுப் பிசுபிசுப்பு இருந்தால் தேய்ப்பதற்கு முன் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரால் கழுவித் துடைத்துக் காயவைக்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் மெழுகைப் பரப்பி விடுவதுதான் மிச்சம்.

ஃபிளேக்ஸும் டாப்கோட்டும்

நிறப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே ஃபிளேக்ஸைத் தூவ வேண்டும். தரையை நோக்கி வீசாமல், கோழிக்குத் தானியம் இறைப்பது போல மேல்நோக்கி வீசிப் பரவலாக விழவிடுங்கள். அங்கங்கே தூவுவது ஒரு பாணி. முழுக்க மூடுவது இன்னொன்று; இனி ஒட்ட இடமே இல்லை என்னும் வரை தூவ வேண்டும். நான் இரண்டாவது கட்சி. 40 பவுண்டுப் பெட்டி சுமார் 300 சதுர அடிக்கு வரும். கையிருப்பு பாதியில் தீர்ந்து நிற்பதைவிட ஒரு பெட்டி கூடுதலாக இருக்கட்டும்.

மறுநாள் ஒட்டாத ஃபிளேக்ஸைப் பெருக்கி எடுத்து, அகல ஸ்க்ரேப்பரால் தரை முழுக்க வழித்துவிடுங்கள். நட்டுக்கொண்டு நிற்பவை உடைந்து விழும். விட்டுவிட்டால் வெறுங்காலில் குத்தும், துடைப்பமும் அதில் மாட்டும். வேக்யூம் செய்தபின் டாப்கோட். பாலியஸ்பார்டிக் மிக வேகமாக இறுகும், எனவே சின்னச் சின்ன அளவாகக் கலந்து, கோடு விழாமல் ஈர ஓரத்தைத் தொடர்ந்து போங்கள். படிக்கட்டு அடியிலும் துணி துவைக்கும் இயந்திரம் அருகிலும் வழுக்காமல் இருக்க, நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு தூளை டாப்கோட்டில் கலந்துகொள்ளலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது கட்டாயம்.

24 மணி நேரம் கழித்து சாக்ஸ் போட்டு நடக்கலாம். மூன்று நாள் கழித்து சோபா, அலமாரி. ஃப்ரீசர், ஜிம் எடைகள் எல்லாம் ஒரு வாரம் காத்திருக்கட்டும். ரப்பர் பாயை அவசரப்பட்டு விரிக்காதீர்கள், சில ரப்பர்கள் புதுப் பூச்சில் நிரந்தரக் கறை விடும்.

வாளியில் மிஞ்சியதைக் குப்பையில் ஊற்றக் கூடாது. மணல் கலந்து வெளியே வைத்து முழுக்க இறுகவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக் கட்டி. கலக்காத ரெசின், ஹார்டனர் மிஞ்சினால் நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுக்க வேண்டும்.

ஆளை வைத்துச் செய்வதானால்

மேலே உள்ளதெல்லாம் படித்துவிட்டு 'நமக்கெதுக்கு இந்த வம்பு' என்று தோன்றினால் அதிலும் தப்பில்லை. கிரைண்டர் வாடகை, வேக்யூம், முகமூடி எல்லாம் கூட்டினால் மிச்சம் அவ்வளவு பெரிதாக இருக்காது. விலை கேட்கும்போது இவற்றையும் கேளுங்கள்: ஈரத்தை எந்தச் சோதனையில் பார்ப்பீர்கள், கிரைண்டரா ஆசிட்டா, திடப்பொருள் எத்தனை சதவீதம், ஒவ்வொரு பூச்சும் எத்தனை மில், டாப்கோட் என்ன, ஈரத்தால் உரிந்தால் உத்தரவாதம் உண்டா. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் 'அது மட்டும் கிடையாது' என்றுதான் பதில் வரும். வந்தால் முதல் கேள்விக்கு அவர் சொன்ன பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.